ஒன்பது பேர், மூன்று வண்டி, இஸ்தான்புல் முதல் கோலாலம்பூர் வரை: சாமானைப் பங்கு போடுவது லாபமா?

பின்சீட்டு | 4 அக்டோபர் 2025, காலை

அடுத்த ஏப்ரல் கடைசியில் இஸ்தான்புல்லில் கிளம்பி கோலாலம்பூர் வரை தரைவழி. ஒன்பது பேர், மூன்று ஃபோர்-வீல் டிரைவ். ஜார்ஜியா, ரஷ்யா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான், சீனா, லாவோஸ், தாய்லாந்து, மலேசியா. கும்பலாகப் போவதன் லாபமே பாரத்தைப் பங்கு போடுவதுதானே? அதனால் ஒரு வண்டியில் சமையல் சாமான், ஒன்றில் டூல்ஸும் ஸ்பேரும், ஒன்றில் கூடாரமும் படுக்கையும். பணம் ஒருவரிடம். பேப்பர் எல்லாம் ஒரே ஃபைலில், தலைவரிடம். இதில் ஓட்டை எங்கே?

நெடுஞ்சாலை | 4 அக்டோபர், இரவு

எல்லா இடத்திலும்.

துருக்கியிலிருந்து ஜார்ஜியா போகும் சார்பி பார்டரிலேயே தெரிந்துவிடும். டிரைவர் மட்டும் வண்டியோடு ஒரு வரிசையில் நிற்பார். மற்றவர்கள் இறங்கி நடந்து வேறு கட்டிடத்துக்குள் போக வேண்டும். இந்த முறைதான் ரஷ்யா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், சீனா என்று வழி நெடுக. மூன்று வண்டியும் ஒரே நேரத்தில் வெளியே வராது. ஒன்று அரை மணியில் வந்துவிடும், இன்னொன்றை எக்ஸ்ரேவுக்கு ஓரங்கட்டுவார்கள். ஆறு பேர் மறுபக்கம் வெயிலில் நிற்பார்கள். அவர்கள் ஜாக்கெட், தண்ணீர், ரொட்டி, சார்ஜர் எல்லாம் வண்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். ஃபைல் தலைவரிடம், தலைவர் எக்ஸ்ரே வரிசையில்.

என் கணக்கு இதுதான்: ஒவ்வொரு வண்டியும் மற்ற இரண்டு இல்லாமல் இரண்டு முழு நாள் ஓட வேண்டும், சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பார்டர் தாண்ட வேண்டும். அதற்கு மேல் மிச்சமிருப்பதை மட்டும் பங்கு போடுங்கள்.

பயணிகள் ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு சின்னப் பை: பாஸ்போர்ட், ஒரு லிட்டர் தண்ணீர், ஸ்வெட்டர், தின்ன ஏதாவது, பவர் பேங்க், அடுத்த நாட்டின் முதல் இரவு எங்கே என்று எழுதிய சீட்டு. பார்டருக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே நிறுத்தி இந்தப் பையை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்டுக்குள் போன பிறகு டிக்கியைத் திறந்து குடைந்தால் அதையே ஒரு சோதனையாக மாற்றிவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை | 5 அக்டோபர்

பேப்பர் விஷயத்தில் நெடுஞ்சாலை அண்ணன் சொன்னதற்கு மேல் இரண்டு.

முதலாவது, வண்டி ஒரு ஆளின் பெயரில்தான் ஒரு நாட்டுக்குள் நுழைகிறது. துருக்கியில் அது அந்த டிரைவரின் பதிவோடு கட்டப்படும். அவருக்கு அப்பெண்டிக்ஸ் வந்து விமானத்தில் ஊருக்குப் போக வேண்டுமென்றால், முதலில் வண்டியைக் கஸ்டம்ஸ் காவலில் ஒப்படைக்க வேண்டும். மற்ற நாடுகளிலும் தற்காலிக இறக்குமதிச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் இல்லாமல் வண்டியை வெளியே எடுப்பது பெரும் பாடு. ஆகவே வண்டிக்கு இரண்டு டிரைவர். உரிமையாளர் அல்லாத இரண்டாவது ஆளுக்கு நோட்டரி முன் எழுதிய அதிகாரக் கடிதம், அதன் ரஷ்ய மொழிபெயர்ப்பு. மூன்று வண்டிக்கும் மூன்று தனி ஃபைல். அசல் அந்தந்த வண்டியில், மற்ற இரண்டு வண்டியின் நகல் ஒவ்வொன்றிலும்.

இரண்டாவது, சர்வதேச ஓட்டுநர் உரிமத்தில் இரண்டு வகை: 1949 ஒப்பந்தப்படி ஒன்று, 1968 ஒப்பந்தப்படி ஒன்று. ரஷ்யாவும் மத்திய ஆசிய நாடுகளும் 1968. லாவோஸ், மலேசியா 1949. உங்கள் நாடு எதைக் கொடுக்கிறது என்று பார்த்து, முடிந்தால் இரண்டையும் வாங்குங்கள். 1949 வகை ஒரு வருடத்தில் காலாவதி. பயணம் பாதியில் நிற்கும்போது அது முடிந்துவிடக் கூடாது. சீனா இரண்டையுமே ஏற்காது, அதற்குத் தனிக் கதை.

பின்சீட்டு | 5 அக்டோபர்

ரஷ்யா எதற்கு, பாகுவில் கப்பலேறி காஸ்பியனைத் தாண்டிவிடலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் பிடிவாதம்.

நெடுஞ்சாலை | 5 அக்டோபர்

பாகுவுக்குள் எப்படிப் போவார்? அஜர்பைஜான் தன் தரை எல்லைகளை 2020 மார்ச்சில் பயணிகளுக்கு மூடியது; நீட்டித்துக்கொண்டே போகிறது. ஆள் விமானத்தில் போகலாம், வண்டிக்கு இறக்கை வேண்டும். திறந்தால்கூட அந்தக் கப்பலுக்குக் கால அட்டவணை கிடையாது. ரயில் பெட்டியும் லாரியும் நிரம்பிய பிறகு உங்களுக்கு இடம் இருந்தால் இடம். மூன்று வண்டிக்கும் ஒரே கப்பலில் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

ஈரான் வழி என்றால் கார்னே வேண்டும். பெரிய தொகையைப் பிணையாக வைத்து வாங்கும் சுங்கப் புத்தகம். ஒவ்வொரு தாளிலும் நுழைவுத் துண்டு, வெளியேறும் துண்டு, அடிக்கட்டை. வெளியேறும்போது அடிக்கட்டையில் முத்திரை விழவில்லையென்றால் பிணைத்தொகை சிக்கிக்கொள்ளும். பாகிஸ்தான், இந்தியா இரண்டுக்கும் அது தேவை. அந்தத் தெற்கு வழி இப்போது எப்படியும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது: அட்டாரி–வாகா 2025 ஏப்ரலில் மூடியது, மியான்மர் வழி அதற்கும் முன்பே போய்விட்டது. ஆகவே ஜார்ஜியாவிலிருந்து லார்ஸ் கணவாய் சாலை, ரஷ்யா, கஜகஸ்தான். நீங்கள் எழுதிய வழிதான் சரி. உங்கள் சாலைக்கு கார்னே வேண்டாம்.

ரஷ்ய இ-விசாவில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது குறிப்பிட்ட எல்லைச் சாவடிகளில் மட்டும் செல்லும். உள்ளே போகும் சாவடி பட்டியலில் இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள், வெளியே வரும் சாவடியைப் பார்க்க மறந்துவிடுவார்கள். ஒன்பது பேரில் யாருடைய பாஸ்போர்ட் பலம் குறைந்ததோ அவர் போகக்கூடிய சாவடிதான் எல்லோருக்கும் சாவடி.

கணக்குப்பிள்ளை | 6 அக்டோபர்

இந்தச் சாலையில் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் ஒன்று. ரஷ்யா, கஜகஸ்தான், கிர்கிஸ்தான் மூன்றும் ஒரே சுங்க ஒன்றியம். லார்ஸில் ரஷ்யக் கஸ்டம்ஸ் வண்டிக்கு ஒரு சீட்டு தருவார்கள். கஜகஸ்தானுக்குள் போகும்போது புதிதாக எதுவும் தர மாட்டார்கள், பழைய சீட்டே செல்லும். அதில் ஒரு கடைசித் தேதி அச்சிட்டிருக்கும். அந்தத் தேதிக்கு முன் ஒன்றியத்தைவிட்டு வெளியே போக வேண்டும், அல்லது நீட்டிக்க வேண்டும்.

வெளியே போவது உங்கள் கணக்கில் கஜகஸ்தான்–உஸ்பெகிஸ்தான் எல்லை. அங்கே கஜக அதிகாரி ரஷ்ய மொழிச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டி அனுப்பிவிடலாம். அனுப்பினாலும் போகாதீர்கள். அந்தச் சீட்டைக் கொடுத்து, வண்டி வெளியேறியதாகப் பதிவாகிவிட்டதா என்று கேட்டு, உங்கள் நகலில் ஒரு முத்திரையாவது வாங்கிக்கொள்ளுங்கள். பதிவாகாவிட்டால், தஜிகிஸ்தானிலிருந்து கிர்கிஸ்தானுக்குள் மறுபடி நுழையும்போது ‘உங்கள் வண்டி ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது’ என்பார்கள்.

மூன்று வண்டியின் சீட்டிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கிய இடத்திலேயே பாருங்கள். விசா நாளை வைத்து அதிகாரி எழுதுவார், விசா ஆளுக்கு ஆள் வேறு. எழுத்துப் பிழையையும் அங்கேயே திருத்துங்கள். சேசிஸ் எண்ணில் ஓர் எழுத்து மாறினால் பத்து நாள் கழித்து அதற்கு விளக்கம் சொல்லும் மொழி உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஸ்பேனர் | 7 அக்டோபர்

பேப்பர் பேசி முடித்தாயிற்றா? இப்போது இரும்பு.

‘ஒவ்வொரு வண்டியும் தனியாக ஓட வேண்டும்’ என்பது சரி. ஆனால் எல்லாவற்றையும் மூன்றாக வாங்கினால் வண்டி பாரத்திலேயே ஸ்பிரிங் உடையும். நான் பிரிப்பது இப்படி.

ஒவ்வொரு வண்டியிலும்: ஜாக்கி, அதற்கு அடியில் வைக்க ஒரு சதுரப் பலகை, ஸ்டெப்னி இரண்டு, பஞ்சர் திரி செட், வால்வு ஊசி, சின்னக் கம்ப்ரஸர், காற்று அளக்கும் கேஜ், ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர் மூன்று, ஏர் ஃபில்டர் ஒன்று, ரேடியேட்டர் ஹோஸ் கிளாம்புடன், ஃபியூஸ், இழுவை வார், ஷாக்கிள் இரண்டு, ஒரு ஜெரிகேன் டீசல்.

குழுவுக்கு ஒன்று: பெரிய சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், கோளாறு எண் படிக்கும் ஸ்கேனர், ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி, வீல் பேரிங் ஒரு செட், எபாக்சி, கம்பி, ஹேக்ஸா. இவை இல்லாமல் ஒரு வண்டி இரண்டு நாள் சமாளிக்கும்.

மூன்றும் ஒரே மாடலாக இருந்தால் இந்த இரண்டாம் பட்டியல் பாதியாகும். மாடல் வேறானாலும் டயர் அளவும் வீல் போல்ட் அமைப்பும் ஒன்றாக இருந்தால் ஆறு ஸ்டெப்னிக்குப் பதில் நான்கு போதும். அதுகூட இல்லையென்றால் மூன்று வண்டி சேர்ந்து போவதால் மெக்கானிக் கணக்கில் லாபம் பூஜ்யம், இழுத்துப்போக ஆள் இருக்கிறது என்பதைத் தவிர.

டீசல் வண்டிக்காரர்களுக்கு: புது மாடல் வேண்டாம். புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர், புகையைச் சுத்தமாக்கும் ஆட்புளூ திரவம் இருக்கும் எஞ்சினுக்குக் கந்தகம் குறைந்த டீசல் வேண்டும். தரம் தெரியாத டீசலை ஊற்றினால் ஃபில்டர் அடைத்து, எஞ்சின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். உஸ்பெகிஸ்தானில் தரத்தைப் பேசும் முன் டீசலே கிடைக்க வேண்டும். அங்கே ஊர் வண்டிகள் பெரும்பாலும் கேஸில் ஓடுகின்றன. பல பங்க்கில் டீசல் பம்ப்பே இராது. கஜக எல்லையில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு நுழையுங்கள். உள்ளே பாதிக்கு இறங்கியதும் கிடைத்த இடத்தில் நிரப்புங்கள். மூன்று வண்டியும் ஒரே பங்க்கில் நின்றால் மூன்றாவதற்கு மிஞ்சாமலும் போகலாம். அப்போது முதல் வண்டிக்காரர் முழு டேங்க் போட்டிருந்தால் அன்றிரவு பேச்சு நன்றாக இருக்காது. ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பின்சீட்டு | 7 அக்டோபர்

தஜிகிஸ்தானின் பாமிர் மலைகளில் மூச்சு வாங்கும் என்கிறார்கள். வண்டிக்கா, ஆளுக்கா?

ஸ்பேனர் | 7 அக்டோபர்

இரண்டுக்கும். 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். கரும்புகை வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கியர் இறக்கி மெதுவாக ஏறுங்கள். ஆளைப் பற்றி அண்ணன் சொல்வார்.

நெடுஞ்சாலை | 8 அக்டோபர்

பாமிரைக் கடக்கும் எம்-41 நெடுஞ்சாலையை எந்தப் பக்கமிருந்து ஏறுகிறோம் என்பதில்தான் விஷயமே. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரம் சுமார் 1,000 மீட்டர். அங்கிருந்து கிளம்பி முதல் இரவே கரகுல் ஏரிக்கரையில் தங்கினால் படுக்கும் உயரம் ஒரே நாளில் கிட்டத்தட்ட 2,900 மீட்டர் கூடும். தலைவலி, வாந்தி வர வாய்ப்பு அதிகம். நீங்கள் தஜிக் தலைநகர் துஷன்பேயிலிருந்து வருவது நல்லது: துஷன்பே 800, கோரோக் 2,100, வாக்கான் பள்ளத்தாக்கு 2,800 வரை, பிறகு முர்காப் 3,600. கோரோக்கில் இரண்டு இரவு, வாக்கானில் இரண்டு இரவு. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குள் வைத்திருக்கச் சொல்வது பொது விதி, வாக்கானிலிருந்து கார்குஷ் கணவாய் (4,344 மீ.) தாண்டி அலிச்சூர் போகும் நாளில் அந்த விதியைக் காப்பாற்ற முடியாது. அதனால்தான் கீழே கூடுதல் இரவுகள்.

கரகுல் ஒரு பொறி. ஏரியே 3,900 மீட்டருக்கு மேல். தெற்கே அக்-பைத்தல் கணவாய் 4,655, வடக்கே கிசிலார்ட் 4,280. அங்கே ஒருவருக்கு உயர நோய் முற்றினால் ‘உடனே கீழே இறக்கு’ என்ற விதியைப் பின்பற்ற முதலில் மேலே ஏற வேண்டும், அதுவும் ஒரு பக்கம் நாட்டெல்லை. ஆகவே முர்காப்பில் யாருக்காவது தலைவலி தீரவில்லையென்றால் கரகுலுக்குக் கிளம்பவே கூடாது. சந்தேகம் வந்தால் நேர்க்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் அது சோர்வு இல்லை, மூளை வீக்கம். இரவானாலும் இறக்க வேண்டும்.

அப்போது மூன்று வண்டியும் சேர்ந்து திரும்பத் தேவையில்லை. நோயாளி படுக்க இடமுள்ள வண்டி ஒன்று, இரண்டு டிரைவரோடு கோரோக்குக்கு. மற்ற இரண்டும் முர்காப்பில். இதைச் செய்ய முடிய வேண்டுமானால் அந்த வண்டியில் பணம், டீசல், மருந்து, அனுமதிச் சீட்டு எல்லாம் இருக்க வேண்டும். சமையல் வண்டி, டூல்ஸ் வண்டி, கூடார வண்டி என்று பிரித்திருந்தால் எதை அனுப்புவீர்கள்?

பாமிர் பகுதிக்குத் தனி அனுமதி உண்டு, விசாவோடு சேர்த்தே வாங்கலாம். கிசிலார்ட் எல்லை 2021-ல் தஜிகிஸ்தான்–கிர்கிஸ்தான் மோதலோடு மூடியது. 2025 மார்ச்சில் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு நிலைமை இளகியிருக்கிறது. ஆனாலும் அந்தச் சாவடிக்கான விதியை ஒரு மாதம் முன்பும், துஷன்பேயிலும், கோரோக்கிலும் மறுபடி மறுபடி கேளுங்கள்.

பின்சீட்டு | 8 அக்டோபர்

உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை எல்லோருக்கும் வாங்கி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் இந்த மெதுவான ஏற்றமெல்லாம் வேண்டாமே?

நெடுஞ்சாலை | 8 அக்டோபர்

வேண்டும். அசிட்டசோலமைடு (டயமாக்ஸின் மருந்துப் பெயர்) உடம்பு பழகுவதை வேகப்படுத்தும், பழகாமலே காப்பாற்றாது. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விரல் நுனி மரத்துக் குத்தும், சிறுநீர் அடிக்கடி வரும். ஒன்பது பேரும் போட்டுக்கொண்டால் ஒரு நாளில் ஓடும் தூரத்தில் 30 கி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். சோடாவும் கோலாவும் ருசிக்காது, தகரத் தண்ணீர்போல இருக்கும்.

மருந்துப் பெட்டி பற்றி இன்னொன்று. டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள் உஸ்பெகிஸ்தானிலும் ஜார்ஜியாவிலும் கடும் கட்டுப்பாட்டில் இருப்பவை. மருந்துச் சீட்டு இல்லாமல் ஒரு பட்டை இருந்தாலும் சிக்கல். டிரோனும் அப்படியே: உஸ்பெகிஸ்தானுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஒன்பது பேரில் ஒருவர் பையில் இருந்தால் நிற்பது ஒன்பது பேரும். ‘பிரித்துப் பாகமாக மறைத்துவிடுவேன்’ என்கிற ஆசாமி எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். எக்ஸ்ரே அவரைவிடக் கெட்டி.

ஸ்பேனர் | 10 அக்டோபர்

என் பட்டியலுக்கு ஒரு சேர்க்கை. பாமிரில் சலவைப் பலகை மாதிரி அலையலையான மண்சாலை. டயர் காற்றை கால் பங்கு இறக்குங்கள். தார்ச்சாலை வந்ததும் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். அந்த ஆட்டத்தில் முதலில் போவது ஷாக் அப்சார்பர், பேட்டரி பிடிமானம், கூரை கேரியரின் போல்ட்டுகள். ஒவ்வொரு மாலையும் ஒருவர் ஸ்பேனரோடு மூன்று வண்டியையும் சுற்றி வர வேண்டும். தன் வண்டியைத் தானே பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, மாற்றிப் பாருங்கள்.

புழுதியில் வண்டிகளுக்கு இடையே 300 மீட்டராவது விடுங்கள். கடைசி வண்டியின் ஏர் ஃபில்டர்தான் முதலில் அடைக்கும். அதனால் வரிசையைத் தினமும் மாற்றுங்கள். திருப்பம் வந்தால் முன்னால் போகிறவர் பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். நடு வண்டியும் கடைசி வண்டிக்காக அப்படியே நிற்க வேண்டும். வாக்கி-டாக்கி வேலை செய்யாத நாளிலும் இது வேலை செய்யும்.

கணக்குப்பிள்ளை | 11 அக்டோபர்

பணம். ‘ஒருவரிடம்’ என்று எழுதியிருக்கிறார் தம்பி. பொதுப்பணப் பெட்டி வேண்டும், ஆனால் அதில் எது சேரும் என்பதை இஸ்தான்புல்லிலேயே எழுத்தில் முடிவு செய்யுங்கள். நான் சொல்வது:

பொதுவில் சேர்பவை: சேர்ந்து சமைக்கும் சாப்பாடு, முகாம் வாடகை, சீன வழிகாட்டி, பாமிர் அனுமதி. வண்டிக்கு வண்டி: டீசல், சுங்கக் கட்டணம், காப்பீடு. உரிமையாளர் தலையில்: ரிப்பேர். ஆளுக்கு ஆள்: விசா, மது, ஓட்டல் அறை, சிகரெட். இதில் ரிப்பேர்தான் சண்டை இழுக்கும். மற்றவர் சாமானை ஏற்றியதால் என் ஸ்பிரிங் உடைந்தது என்பார் ஒருவர். அதற்காகவே எடையைச் சமமாகப் பிரித்து, கிளம்பும் முன் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜார்ஜியப் பணமான லாரி, ரூபிள், தெங்கே, சோம், சோமோனி, யுவான், கிப், பாட், ரிங்கிட். உஸ்பெக் சோம் வேறு, கிர்கிஸ் சோம் வேறு. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கிடைத்த விகிதத்தை நோட்டில் எழுதி, அந்தக் கட்டுப் பணம் தீரும்வரை அதே விகிதத்தில் கணக்குப் போடுங்கள். இணையத்தில் அன்றைய விகிதம் பார்த்துப் போட்டால் கணக்கு ஒருநாளும் ஒட்டாது. கணக்கை வாரம் ஒருமுறை எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். நாடு முடியும் இடத்தில் பூஜ்யமாக்குங்கள்.

டாலர் நோட்டு 2013-க்குப் பிந்தைய வடிவம், மடிப்பு, கிறுக்கல் இல்லாமல். பழசை வாங்க மறுப்பார்கள் அல்லது விலை குறைப்பார்கள். பொதுப்பணத்தின் பாதி பொருளாளரிடம், மீதி சரிபாதியாக மற்ற இரண்டு வண்டியில் முத்திரை போட்ட உறையில். அந்த உறை நெடுஞ்சாலை சொன்ன கோரோக் இறக்கத்துக்கு.

நெடுஞ்சாலை | 13 அக்டோபர்

இப்போது சீனா. மொத்தச் சாலையின் கால அட்டவணையையும் இதுதான் தீர்மானிக்கிறது.

வெளிநாட்டு வண்டி சீனாவுக்குள் நுழையப் பதிவுபெற்ற ஏஜென்சி, வழிகாட்டி, தற்காலிக நம்பர் பிளேட், ஒவ்வொரு டிரைவருக்கும் தற்காலிக உரிமம் வேண்டும். விண்ணப்பம் இரண்டு மூன்று மாதம் முன்பே போக வேண்டும். எந்த நாளில் எந்த ஊர் என்ற வழித்திட்டம், நுழையும் எல்லை, வெளியேறும் எல்லை எல்லாம் அதில் உறைந்துவிடும். மூன்று வண்டியும் ஒரே நாளில் ஒன்றாக நுழைந்து ஒன்றாக வெளியேற வேண்டும். ஆகவே பிரியலாம் என்று மேலே நான் சொன்னதெல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம்தான். சீன நுழைவு நாளுக்கு முன் ஓஷில் நான்கைந்து வெற்று நாள் வையுங்கள். பாமிரில் பின்தங்கிய வண்டி அங்கே வந்து சேர வேண்டும்.

ஒரு வண்டி வரவே முடியாவிட்டால்? வழிகாட்டிக்கான செலவு மூன்றாகப் பிரிந்தது இரண்டாகும். யார் கட்டுவது என்று ஏஜென்சிக்கு முன்பணம் கட்டும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

வழிகாட்டிக்கு உட்கார இடம் வேண்டும். படுக்கை போட பின் சீட்டைக் கழற்றிய வண்டிகளில் இதை யாரும் நினைப்பதில்லை. அவருடைய பெட்டியோடு சேர்த்து ஒரு முழு சீட்டு. ஐந்து சீட் வண்டி மூன்றிருந்தால் சிரமமில்லை. முறை வைத்து மூன்று வண்டியிலும் அவர் வரட்டும். ஒரே வண்டியில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தால் அந்த வண்டிக்காரர்கள் அவரோடு தனிக் குழுவாகிவிடுவார்கள்.

கிர்கிஸ்தானிலிருந்து சீனாவுக்குள் போகும் இர்கெஷ்டாம், டொருகார்ட் (3,752 மீ.) இரண்டு எல்லையும் வார இறுதியில் மூடியிருக்கலாம். மதிய இடைவேளையும் பெய்ஜிங் நேரப்படி. அது கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கைவிட இரண்டு மணி நேரம் முன்னால். உங்கள் கடிகாரத்தில் காலை பத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே நண்பகல். அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டும் விடுமுறை. முத்திரைகள் எல்லாம் விழுந்து முடியும் சுங்க வளாகம் எல்லைக் கோட்டிலிருந்து வெகு தூரம் உள்ளே, இர்கெஷ்டாம் வழியில் சுமார் 140 கி.மீ. அந்த ஒரு நாளில் வேறு எந்தத் திட்டமும் வேண்டாம்.

ஷின்ஜியாங் பங்க்குகளில் தடுப்பு இருக்கும். டிரைவர் மட்டும் உள்ளே, மற்றவர்கள் வெளியே இறங்கி நிற்க வேண்டும். ஜெரிகேனில் தர மாட்டார்கள். வரைபடத்திலும் ஒரு கோளாறு: சீன வரைபடங்கள் வேண்டுமென்றே சில நூறு மீட்டர் வரை தள்ளி வைத்த ஆயத்தொலைவு முறையில் இயங்குகின்றன. சாதாரண ஜிபிஎஸ் எண்ணை அதில் போட்டால் ஆற்றுக்குள் நிற்பீர்கள். உள்ளூர் செயலி ஒன்று, இணையமில்லாமல் ஓடும் திறந்த வரைபடம் ஒன்று, இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சீட்டு | 13 அக்டோபர்

அப்படியானால் லாவோஸ், தாய்லாந்து எல்லாம் விளையாட்டா?

நெடுஞ்சாலை | 14 அக்டோபர்

லாவோஸ் சுலபம். மோகானில் சீனாவைவிட்டு போதென் வழியாக நுழைந்து, லுவாங் நம்தா தாண்டி ஹுவாய் சாய். எதிரே மீகாங் பாலம், அந்தப் பக்கம் தாய்லாந்தின் சியாங் கோங். அங்கே சாலையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறுகிறீர்கள். தாய்லாந்து 2016 முதல் அண்டை நாடுகளுக்கு வெளியே பதிவான வண்டிக்கு ஏஜென்சி வழியாக முன்னனுமதி கேட்கிறது. சீன விண்ணப்பத்தோடு சேர்த்தே இதையும் தொடங்குங்கள். அதில் எழுதிய எல்லையில்தான் நுழைய முடியும். மலேசியாவுக்கு வண்டிக்கான அனுமதிச் சீட்டும் உள்ளூர்க் காப்பீடும்.

சமையற்கட்டு | 16 அக்டோபர்

ஸ்டெப்னி பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டீர்கள், சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. குழுவை நிறுத்துவது டயர் இல்லை, வயிறு.

குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். ஒன்பது பேருக்கு 45. வண்டிக்கு 20 லிட்டர் கேன் இரண்டு என்றால் இரண்டரை நாள் தாங்கும். வாசனை சேர்க்காத சாதாரண ப்ளீச், 5–6 சதவீதம் உள்ளது, தெளிந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 2 சொட்டு, அரை மணி காத்திருக்க வேண்டும். கலங்கிய தண்ணீரைத் துணியில் வடிகட்டிவிட்டு இரு மடங்கு.

பாத்திரம் கழுவ மூன்று தொட்டி: சோப்பு, அலசல், கடைசியாக ப்ளீச் கலந்த தண்ணீர். பிறகு துணியால் துடைக்கக் கூடாது. கையில் பிடித்து உதறிக் காயவிட வேண்டும். ஒன்பது பேர் தட்டைத் துடைத்த ஈரத் துண்டுதான் ஒன்பது பேருக்கும் பேதியைக் கொண்டுபோகும். வயிறு சரியில்லாதவர் இரண்டு நாள் சமையல் பக்கமே வரக் கூடாது. அந்தச் சாக்கில் தப்பிக்கிறவருக்கு மூன்றாம் நாள் தொட்டி மூன்றும். ஓஆர்எஸ் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீருக்குச் சர்க்கரை தலைதட்டி 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்.

சமையல் முறை மூன்று மூன்று பேராக, வண்டிவாரியாக இல்லாமல் கலந்து. முர்காப்பில் தண்ணீர் 90 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. ஆகவே ஒரு பிரஷர் குக்கர், உபரி கேஸ்கெட். அடுப்பு பியூட்டேன் மட்டும் உள்ள கேஸ் டப்பாவாக இருந்தால் உறைகுளிரில் வாயு எழாது; பெட்ரோலில் எரியும் அடுப்பு ஒன்று இருக்கட்டும். சின்ன அடுப்பு, சின்னப் பாத்திரம், இரண்டு நாள் அரிசி, பருப்பு மற்ற இரண்டு வண்டியிலும்.

பின்சீட்டு | 17 அக்டோபர்

சரி, மூன்று வண்டியையும் ஒரே மாதிரி அடுக்குகிறோம். வேகம் பற்றி ஒன்று: நாளுக்கு 500 கி.மீ. என்று போட்டிருக்கிறோம்.

நெடுஞ்சாலை | 17 அக்டோபர்

கஜகஸ்தான் புல்வெளியில் நடக்கும். பாமிரில் 150 போனால் நல்ல நாள். சராசரி 250–300, நான்காவது நாள் சக்கரம் உருளக் கூடாது. ஒரு வண்டி தேநீருக்கு நின்றால் பத்து நிமிடம்; மூன்று நின்றால் முக்கால் மணி. மூன்றுக்கு மேல் வண்டி சேர்க்கக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஸ்பேனர் | 17 அக்டோபர்

1957-லேயே லண்டனிலிருந்து கொல்கத்தாவுக்கு இந்தியாமேன் என்ற பஸ் போனது. ஒரே பஸ், ஒரே டேங்க், பயணிக்குப் பின்சீட்டில் கேள்வி கேட்கும் வேலை மட்டும். 1979-ல் ஈரான் புரட்சி, ஆப்கான் படையெடுப்பு இரண்டும் சேர்ந்து அந்தச் சாலையையே முடித்துவைத்தன. இல்லாவிட்டால் உங்களை அதில் ஏற்றிவிட்டு நான் தூங்கியிருப்பேன்.

பின்சீட்டு | 18 அக்டோபர்

பெயரை வைத்து அடிக்காதீர்கள் பாஸ். கடைசியாக ஒன்று: வண்டிச் சாவி யாரிடம்?

ஸ்பேனர் | 18 அக்டோபர்

ஒன்று ஓட்டுபவரிடம். மாற்றுச் சாவி வேறு வண்டியில், அதுவும் டேஷ்போர்டில் இல்லை, ஒரு ஆளின் கழுத்துப்பையில். ஸ்டீயரிங் பூட்டு, வீல் லாக் நட்டு இவற்றின் சாவியும் அதே கொத்தில். லாக் நட்டு சாவி தொலைந்தால் பாமிரில் நட்டை உளியால் வெட்டத்தான் வேண்டும். கிளம்பும் முன் லாக் நட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண நட்டு போட்டுவிடுவது இன்னும் நல்லது.